சலக்கடுப்பும் அடிக்கடி சலம் போவதும்: காரணம் என்ன, என்ன சோதனை செய்ய வேண்டும்?

சலக்கடுப்பு என்றால் என்ன என்று நமது தோட்டங்களில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நீர்க்கடுப்பு, நீர் எரிச்சல், சூட்டு வருத்தம் என்று ஒவ்வொரு டிவிசனில் ஒவ்வொரு பேர். ஆனால் இந்த வருத்தத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறவர்கள் மிகவும் குறைவு. காய்ச்சல் என்றால் பெரட்டுக்களத்திலேயே சொல்வார்கள். சலம் எரியுது என்றால் பக்கத்துக் காம்பராக்காரிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் ஆம்பிளை என்றால் சொல்லவே வேண்டாம். “இடுப்பு வலிக்குதுங்க ஐயா” என்று மட்டும் சொல்லி, வலிக் குளிசை இரண்டை வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். உள்ளே இருக்கிற நோய் அப்படியே இருந்துவிடுகிறது.

அதனால் இந்தப் பாடத்தில் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எல்லாவற்றையும் நேராகவே எழுதியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம். பிள்ளைகள் வாசிக்கக் கூடாத விசயம் இதில் ஒன்றும் இல்லை.

சலம் எப்படி வருகிறது?

நமது முதுகுப் பக்கம், விலா எலும்பின் கீழ்ப்பாகத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறுநீரகம் இருக்கிறது. கிட்னி என்று சொல்கிறோமே, அதுதான். இரத்தத்தில் உள்ள கழிவை இது வடித்து எடுக்கிறது. வடித்த நீர் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக அடிவயிற்றில் உள்ள சலப்பைக்கு வந்து சேருகிறது. பீலியில் இருந்து வரும் தண்ணி தொட்டியில் சேருகிற மாதிரி. சலப்பையில் 300 முதல் 500 மி.லீ. வரை சேர்ந்ததும் நமக்கு முட்டுகிறது. அங்கிருந்து சலக்குழாய் வழியாக வெளியே போகிறது.

பெண்களுக்கு இந்தக் கடைசிக் குழாயின் நீளம் சுமார் 4 சென்ரிமீற்றர்தான். ஆண்களுக்கு 20 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். மலவாசல் பக்கம் இருக்கிற கிருமி பெண்களின் சலப்பைக்குள் ஏறுவதற்கு அந்த 4 சென்ரிமீற்றர் தூரம் போனால் போதும். சலக்கடுப்பு பெண்களுக்கு அதிகமாக வருவதற்கு முதல் காரணம் உடம்பின் இந்த அமைப்புத்தான். இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் லயத்தில் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் காதில் போட வேண்டாம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கும் வரும், எழுபது வயதுப் பாட்டிக்கும் வரும்.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் போனால் சரி? சாதாரணமாகப் பெரிய ஆள் ஒருவர் பகலில் 6 முதல் 8 தடவையும், இரவில் ஒரு தடவையும் போகலாம். நமது மலைநாட்டில் மழையும் குளிரும் அதிகம். குளிரில் வேர்வை இல்லாததால் சலம் கூடப் போகும். அதோடு தேத்தண்ணிக்கும் சலத்தைக் கூட்டுகிற குணம் உண்டு. ஆறு கோப்பை சாயம் குடித்துவிட்டு “அடிக்கடி வருது” என்று பயப்பட வேண்டியதில்லை.

எரிகிறதா, இல்லை அளவு கூடிப் போகிறதா?

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிஸ்பென்சரியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அடிக்கடி முட்டுகிறது, ஓடிப் போனால் கொஞ்சம்தான் வருகிறது, போகும்போது எரிகிறது, அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, சலம் கலங்கி நாற்றம் அடிக்கிறது, சில நேரம் இரத்தம் கலந்து வருகிறது. இப்படியென்றால் சலப்பையில் கிருமி என்று நினைக்க வேண்டும்.

எரிவு இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது. இரவில் மூன்று, நான்கு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. தண்ணி எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. உடம்பு இளைக்கிறது. இப்படியென்றால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் மேல்பாகத்தை வெட்டி, அதில் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக் கொள்ளுங்கள். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து மறுநாள் காலைவரை போகிற சலத்தை அதில் அளந்து, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தோடு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 1 முதல் 2 லீற்றர் வருவது வழமை. 3 லீற்றருக்கு மேல் என்றால் அது அளவு கூடிய சலம். 12 தடவை போயும் மொத்தம் ஒரு லீற்றர்தான் என்றால் பிரச்சினை சலப்பையில் அல்லது அதற்குக் கீழே. அந்தக் கலண்டர் தாளை டொக்டரிடம் காட்டினால் அவருக்கு அது பெரிய உதவி.

மலையில் நிற்கும் பெண்களின் கதை

காலையில் பெரட்டு முடிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறினால், பகல் கொழுந்து நிறுக்கும் வரை இறங்க முடியாது. பெரும்பாலான மலைகளில் ஒதுங்குவதற்கு ஒரு மலசலகூடம் கிடையாது. பக்கத்து நிரையில் ஆம்பிளைகள் மருந்து அடிப்பார்கள், கங்காணி மேலே நிற்பார், அட்டை வேறு. அதனால் நமது பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணி குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். “தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், எங்க போறதுங்க?” என்று ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மற்ற இன்னொன்று, ஒதுங்கப் போய் வருகிற நேரத்தில் இரண்டு கிலோ கொழுந்து போய்விடும். கிலோக் கணக்குக் குறைந்தால் அரைப் பேர்தான்.

தண்ணி குறைந்தால் சலம் குறைந்து கடும் மஞ்சளாகிறது. அதையும் மணிக்கணக்கில் அடக்கி வைத்தால் உள்ளே வந்த கிருமி கழுவுப்பட்டு வெளியேற வழி இல்லை. சலப்பைக்குள் இருந்து பெருகிக் கொண்டே போகும். சலம் தடித்துக் கல் உண்டாவதற்கும் இதே தண்ணிக் குறைவு ஒரு காரணம்.

தண்ணிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் பாட்டி வைத்தியப் பேச்சு இல்லை. 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி சலக்கடுப்பு வந்துகொண்டிருந்த, தண்ணி குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் நாளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணி கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடம் பார்த்ததில், அவர்களுக்கு நோய் திரும்பி வந்த தடவைகள் மற்றப் பகுதியினரைவிடக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, தண்ணி மட்டும்தான்.

ஆகவே கொதித்தாறிய தண்ணி ஒரு போத்தல் கூடையோடு மலைக்குப் போக வேண்டும். காலையில் மலைக்கு ஏறுவதற்கு முன்பும், நிறுத்து முடிந்து இறங்கும்போதும், முட்டவில்லை என்றாலும் ஒரு தடவை போய் வாருங்கள். மடுவத்துக்குப் பக்கத்தில், பெண்களுக்கு என்று கதவுள்ள ஒரு மலசலகூடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. மாதர் சங்கத்திலும் தலைவர்மாரிடமும் சொல்லி, துரையிடம் எழுத்தில் கொடுங்கள். எந்த மலை, எத்தனை பெண்கள் நிற்கிறார்கள், கிட்டத்தில் உள்ள மலசலகூடத்துக்கு எவ்வளவு தூரம் என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

மலம் கழித்த பின் முன்பக்கம் இருந்து பின்பக்கமாகக் கழுவ வேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுங்கள். கணவன் மனைவி சேர்ந்த பின் பெண் எழும்பி ஒரு தடவை சலம் போய் வருவதும் நல்லது. உள்ளுக்குள் சவர்க்காரம், டெட்டோல் போட்டுக் கழுவக் கூடாது. அதனாலேயே எரிவு வருகிறவர்கள் உண்டு.

கிருமி மேலே ஏறினால்

சலக்கடுப்பில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் காரணமாக இருப்பது ஈ கோலை என்ற ஒரே கிருமி. நமது குடலில் சும்மா வாழ்கிற கிருமிதான் அது. சலப்பையோடு நின்றால் எரிவும் கடுப்பும்தான். அங்கிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் கதை வேறு. நடுக்கத்தோடு காய்ச்சல், ஒரு பக்க விலாவுக்குக் கீழே தொட்டால் வலி, சத்தி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு இஸ்தோப்பில் படுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே மோசம்.

கர்ப்பிணிகள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பை சலப்பையை அமுக்குவதால் அடிக்கடி போவது சகஜம். அதை எல்லோரும் சொல்வார்கள். பலர் சொல்லாத விசயம், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எரிவோ கடுப்போ எதுவும் இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கலாம் என்பது. வைத்தியம் செய்யாமல் விட்டால் அவர்களில் ஒரு பங்கினருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறுகிறது. மாதம் நிறையாமல் பிள்ளை பிறக்கவும், நிறை குறைந்து பிறக்கவும் அது வழி விடுகிறது.

ஒரு தோட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒரு பிள்ளை. நாலு நாள் எரிவு இருந்தும் மாமியாரிடம் சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டது. ஐந்தாம் நாள் இரவு நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்றைக்கே வலி கண்டு, ஒரு கிலோவும் சொச்சமுமாகக் குழந்தை பிறந்தது. பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தத் தாயின் சலத்தைப் பிறகு சோதித்தபோதுதான் கிருமி என்று தெரிந்தது. கிளினிக்குக்கு வரும்போது மருத்துவமாது சலம் கேட்டால் “வரல்லீங்க மிஸ்” என்று சொல்லி நழுவ வேண்டாம். அவர் அங்கே பார்ப்பது அல்புமினும் சீனியும். எரிவு, கடுப்பு இருந்தால் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். கிருமி பார்க்க வேறு சோதனை எழுதித் தருவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்காமல் சிணுங்குவது, சலம் போகும்போது அழுவது, நின்றுபோன படுக்கையில் நனைக்கும் பழக்கம் திரும்பி வருவது, இவை சலத்தைச் சோதிக்கச் சொல்லும் அடையாளங்கள். பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் அம்மாமாரும் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை படுக்கையை நனைப்பதோடு நிறையத் தண்ணியும் குடித்து, மெலிந்தும் போனால் அது பிள்ளைகளுக்கு வருகிற சீனி வருத்தமாக இருக்கலாம். நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

ஆண்களுக்கு

ஐம்பது தாண்டிய ஆண்களில் பல பேர் இரவில் எழும்பி எழும்பிப் போகிறார்கள். போய் நின்றாலும் உடனே வராது. வந்தாலும் நூல் மாதிரி, விட்டு விட்டு, கடைசியில் சொட்டுச் சொட்டாக. முழுதும் போன திருப்தி இல்லை. சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி, கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக புரொஸ்டேட் என்று ஒரு சுரப்பி ஆண்களுக்கு இருக்கிறது. வயதோடு அது வீங்கிக் குழாயை நெரிப்பதால் வரும் தொல்லை இது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் இல்லை என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். நல்ல குளிசைகள் இருக்கின்றன.

இப்படி உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தடிமன், மூக்கொழுகல் என்று பிரிட்டன் குளிசையைக் கண்டபடி போட்டாலோ, சாராயம் அதிகம் ஆனாலோ, திடீரென்று சலம் முழுதாக அடைபட்டுப் போகலாம். அடிவயிறு பானை மாதிரி உப்பும், வலி தாங்க முடியாது, ஒரு சொட்டும் வராது. அந்த நேரத்தில் தண்ணி குடிக்கக் கொடுப்பது, அடிவயிற்றை அமுக்குவது எதுவும் வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆஸ்பத்திரியில் ஒரு மெல்லிய குழாய் போட்டுச் சில நிமிசத்தில் சலத்தை எடுத்துவிடுவார்கள்.

இளம் ஆண்களுக்கு எரிவோடு சீழ் மாதிரி வடிந்தால் அது சாதாரண சலக்கடுப்பு இல்லை, பாலுறவால் தொற்றிய நோய். கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய் வருகிற பையன்கள் இதை யாரிடமும் சொல்லாமல், பார்மசியில் ஏதோ வாங்கிப் போட்டு அமுக்கி விடுகிறார்கள். நோய் மனைவிக்கும் போய், அவளுக்குப் பிள்ளைப்பேறே தடைப்படலாம். பாலியல் நோய்க்கு அரசாங்க கிளினிக்குகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. காசில்லை, விசயம் வெளியே போகாது. இருவரும் சேர்ந்து வைத்தியம் எடுத்தால்தான் தீரும்.

கல், வேறு சில காரணங்கள்

விலாவில் தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்கி, புரண்டு புரண்டு அழ வைக்கிற வலி என்றால் கல் என்று சந்தேகிக்க வேண்டும். சலத்தில் இரத்தமும் வரலாம். வலியே இல்லாமல் இரத்தம் மட்டும் வந்தால், முக்கியமாக பீடி, சிகரட் குடிப்பவர்களுக்கு, அது கல்லைவிடப் பயப்பட வேண்டிய விசயம். ஒரு தரம் வந்து நின்றுவிட்டாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் முதல் நாள் பீற்றூட் கறி சாப்பிட்டிருந்தால் சலம் சிவப்பாகப் போகும். பயந்து ஓடிவந்த ஒரு தாத்தாவுக்கு நடந்தது அதுதான். காசநோய்க் குளிசை எடுப்பவர்களுக்கும் சலம் செம்மஞ்சளாகப் போகும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

பிரசருக்குக் கொடுக்கும் சில குளிசைகள் சலத்தைக் கூட்டும். கர்ப்பப்பை இறங்கியிருக்கும் பெண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அடிக்கடி முட்டும், இருமினால் கசியும். வயதானால் அப்படித்தான் என்று சகித்துக்கொண்டு இருக்கிறார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று நடத்தும் சுவநாரி கிளினிக்கில் சொன்னால் வழி காட்டுவார்கள்.

சோதனைகள்

நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம் எடுத்து, எட்டுச் சொட்டுச் சலம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று மாறி செங்கல் நிறமானால் சீனி நிறைய. வேடிக்கை பார்க்கக் கூட்டம் நிற்கும். இப்போது அதற்குப் பதிலாகக் காகித ஸ்ரிப். சலத்தில் தோய்த்து எடுத்தால் ஒன்றிரண்டு நிமிசத்தில் சீனி, அல்புமின், இரத்தம், கிருமிக்கான அடையாளம் எல்லாம் நிறம் மாறித் தெரியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இரத்தத்தில் சீனி சுமார் 180 மி.கி. தாண்டினால்தான் பொதுவாகச் சலத்தில் சீனி இறங்கும். ஆகவே சலத்தில் சீனி இல்லை என்றதும் சீனி வருத்தம் இல்லை என்று சந்தோசப்பட முடியாது. இரத்தச் சோதனை வேண்டும். அதற்கு 8 மணித்தியாலமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். வெறும் வயிறு என்றால் காலைத் தேத்தண்ணியும் கூடாது. “சும்மா சாயந்தானே குடிச்சேன்” என்று வந்து திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். பச்சைத் தண்ணி மட்டும் குடிக்கலாம். அளவு 100க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் வந்து, இன்னொரு தடவையும் அப்படியே வந்தால் சீனி வருத்தம்.

கிருமிக்கு எழுதித் தரும் முதல் சோதனை யூ.எப்.ஆர். என்பது. சலத்தை எடுக்கிற முறை பிழைத்தால் ரிப்போர்ட்டும் பிழைக்கும். முதலில் தண்ணியால் நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள். முதலில் வருகிற கொஞ்சத்தைக் கக்கூசில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடித்து, கடைசியை மறுபடி கக்கூசில் விடுங்கள். போத்தலின் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஜாம் போத்தல், அரிஷ்டப் போத்தல் எதுவும் சரிவராது. ஆஸ்பத்திரியில் அல்லது பார்மசியில் கொடுக்கிற மூடியுள்ள போத்தல்தான் வேண்டும். மாதவிடாய் நாட்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் விடியற்காலை பிடித்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, வளைவுகள் எல்லாம் சுற்றி டவுனுக்குப் போய்ச் சேர மூன்று மணித்தியாலம் ஆகிவிடும். அதற்குள் போத்தலில் உள்ள ஒன்றிரண்டு கிருமி ஆயிரமாகிவிடும். 2 மணித்தியாலத்துக்குள் கொடுக்க முடியாதென்றால் அங்கேயே போய்ப் பிடித்துக் கொடுப்பதுதான் நல்லது.

ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ் என்று இருப்பது சீழ்க் கலம். 5க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பத்துக்கு மேல் போனால், கடுப்பும் இருந்தால், கிருமிதான் என்று டொக்டர் முடிவெடுக்கலாம். பீல்ட்ஃபுல் என்று எழுதியிருந்தால் நுணுக்குக் கண்ணாடியில் பார்த்த இடமெல்லாம் சீழ் என்று அர்த்தம். “பீல்ட்டுன்னா மலைதானேங்க, மலை முழுக்கவா?” என்று ஒரு அண்ணன் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். ரெட் செல்ஸ் என்றால் இரத்தம், கல்லிலும் வரும் கிருமியிலும் வரும். எபிதீலியல் செல்ஸ் நிறைய இருந்தால் சலம் சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அல்புமின் திரும்பத் திரும்ப இருந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு அல்புமினும் பிரசரும் சேர்ந்து வந்தால் அவசரம்.

அடுத்தது கல்ச்சர். சலத்தில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பது. இரண்டு மூன்று நாள் எடுக்கும். மருந்தின் பேருக்கு எதிரில் எஸ் என்றால் அந்த மருந்து வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது. அன்டிபயட்டிக் குளிசை போடத் தொடங்குவதற்கு முன்பே இதற்குச் சலம் கொடுக்க வேண்டும். ஒரு குளிசை போட்டுவிட்டுக் கொடுத்தாலும் கிருமி வளராமல் போகலாம். எல்லோருக்கும் இது தேவையில்லை. கர்ப்பிணி, பிள்ளை, ஆண்கள், திரும்பத் திரும்ப வருகிறவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், இவர்களுக்குக் கட்டாயம். சீழ்க் கலம் இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று பல தடவை வந்தால், சலப் பாதையில் காசநோய் உண்டா என்றும் பார்ப்பார்கள்.

ஸ்கேனும், சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனையும் டொக்டர் தேவை என்றால் எழுதுவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இவை எல்லாம் இலவசம், காத்திருக்கும் நாள்தான் கூட.

மருந்தும் கைவைத்தியமும்

டொக்டர் அன்டிபயட்டிக் 5 நாளுக்கு எழுதினால் 5 நாளும், 7 நாளுக்கு எழுதினால் 7 நாளும் போட வேண்டும். இரண்டாம் நாள் எரிவு நின்றதும் மிச்சத்தை முடிச்சுப் போட்டு வைத்து, அடுத்த மாதம் அக்காவுக்கோ கொழுந்திக்கோ கொடுக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. அரைகுறையாக மருந்து கண்ட கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. ரிப்போர்ட்டில் வரிசையாக ஆர் ஆர் என்று வருவதற்கு இதுதான் காரணம். நைட்ரோபியுரன்டொயின் என்ற மருந்தை எடுத்தால் சலம் கபில நிறமாகப் போகலாம். பயப்பட வேண்டாம், சாப்பாட்டோடு போடுங்கள்.

பார்லித் தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, இளநீர் குடிக்கலாம். சலம் கூடிப் போவதால் எரிவு கொஞ்சம் குறையும். கிருமியைக் கொல்லாது. ஒரு நாளில் குறையவில்லை என்றால் மருந்துக்குப் போக வேண்டும். ஏற்கனவே சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இளநீரும் பொல்பலாவும் டொக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சீனி குறையும் என்று காமரங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் கோப்பைக் கணக்கில் குடிப்பவர்கள் உண்டு. அப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் நமது நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே வைத்தியம் பெற்றிருக்கிறார்கள். உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கி நாள் தோறும் போடும் டைக்ளோபெனக் குளிசையும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான்.

டொக்டரிடம் போகும்போது ஒரு துண்டில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாளாக, எரிவு உண்டா, அளவு கூடவா குறையவா, இரவில் எத்தனை தரம், காய்ச்சல் உண்டா, பெண் என்றால் மாதவிடாய் கடைசியாக வந்த திகதி, வழமையாகப் போடும் குளிசைகளின் பேர் அல்லது அவற்றின் வெற்று அட்டை. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தத் துண்டை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடலாம்.